எழுபத்தேழாம் எண் கோதுமையும் ஒரு காலிக் குடுவையும்

காலிக் குடுவைக்குள் பதினொன்று புள்ளி நான்கு சதவீதம் புரதம் இருப்பதாக முடிவு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்காலுக்கு. அன்று கோதுமை விலை முந்தின நாள் விலையிலேயே நின்றது. காற்று தென்மேற்கிலிருந்து லேசாக அடித்தது. அந்தக் குடுவையில் மாவு இல்லை, தவிடு இல்லை, ஒட்டிக்கொண்டிருந்த உமி கூட இல்லை. இல்லாமல் இருப்பதுதான் அதன் உத்தியோகம். பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் தானிய வேதியியல் அறையில் ஒரு தடவைக்கு எட்டுக் குடுவைகள் அடுப்பில் ஏறும். ஏழில் ஒவ்வொரு கிராம் மாவு, எட்டாவதில் வெறும் அமிலம். அதற்குப் பெயர் பிளாங்க். மாவும் அமிலமும் கொதித்து முதலில் தார் மாதிரி கறுக்கும், பிறகு கண்ணாடி மாதிரி தெளியும். அதில் காரம் சேர்த்துக் காய்ச்சி வடித்தால் மாவில் இருந்த நைட்ரஜன் அம்மோனியாவாகக் கிளம்பி, எதிரே காத்திருக்கும் இளஞ்சிவப்பு நீரில் போய் விழுந்து அதைப் பச்சையாக்கும். பச்சை மறுபடி சிவக்கும்வரை பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, எத்தனை மில்லி செலவானது என்று பார்த்தால், புரதம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பிளாங்க் குடுவைக்கு ஒரு சொட்டு கூட வேண்டாம்; அதன் நீர் பச்சையாகவே ஆகாது. அன்றைக்கு அது பதினாலு புள்ளி மூன்று மில்லி குடித்த பிறகுதான் சிவந்தது.

அந்த அறையின் வேதியியலாளருக்கு அப்போது வயது முப்பத்துநான்கு, சர்வீஸ் எட்டு வருடம். நிலையம் முழுக்க அவரைச் சொட்டு என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை ஒரு சொட்டு கூடுதலாக விழுந்துவிட்டது என்பதற்காக இருநூற்றுப் பத்து மூட்டைக் கோதுமையைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து சோதித்தவர். அந்தச் சொட்டு விழும் சத்தம் வாசல் காவலாளிக்குக் கேட்டதாகவும், அவர் எழுந்து நின்றுவிட்டதாகவும் இன்றைக்கும் பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவருக்குக் காலிக் குடுவை கணக்குக் காட்டினால் எப்படி இருக்கும்? அமிலத்தை மாற்றினார். தண்ணீரை மூன்று முறை காய்ச்சி வடித்தார். கடைசியில், எல்லா ஆண்பிள்ளைகளும் செய்வது போல, பாத்திரம் கழுவுகிறவர் மேல் பழியைப் போட்டார்.

குடுவை கழுவும் வேலையில் இருந்த அந்த அம்மாளை எல்லோரும் குடுவையக்கா என்பார்கள். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, குற்றம் சாட்டப்பட்ட குடுவையைச் சொட்டின் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "நான் கழுவின குடுவையில உங்க மூஞ்சி தெரியும் சார். நல்லாப் பாத்துத் தலையச் சீவிக்குங்க. காலைல இருந்து பரட்டையாத் திரியறீங்க." சொட்டு பார்த்தார். தலை பரட்டையாகத்தான் இருந்தது. குடுவை சுத்தம்.

விஷயம் இயக்குநர் வரை போயிற்று. இயக்குநர் எதற்கும் அசராத மனிதர். கூரை விழுந்தால் கூட அதற்கு என்ன படிவம் என்றுதான் கேட்பார். பிளாங்க்கில் எவ்வளவு வந்தாலும் மற்றவற்றிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும், முறை அதுதானே என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொட்டு கழித்தார். முறையை மீற அவருக்குக் கை வராது. ஆகவே மூன்று வாரத்துக்கு அந்த வட்டாரத்துக் கோதுமையில் பாதி, கழித்தல் குறியோடு அச்சாகி, முத்திரை வாங்கி, ஆலைகளுக்குப் போயிற்று. பூச்சியத்துக்கும் கீழே புரதம் உள்ள கோதுமையை ஆலைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கி அரைத்தார்கள். யாரும் ஒரு கடிதம் கூடப் போடவில்லை.

கடைசியில் மர்மம் விளங்கியது ஒரு பென்சில் எழுத்தால். செவ்வாய்க்கிழமை வரவேண்டிய ஏழாவது மூட்டை, லாரி டயர் வெடித்து வழியில் நின்றுவிட்டது. அதற்காக முன்கூட்டியே பெயர் எழுதி வைத்திருந்த குடுவையைச் சொட்டு அவசரத்தில் பிளாங்க்காக ஏற்றியிருக்கிறார். பெயரை அழிக்க மறந்திருக்கிறார். பிறகும் அதே குடுவைதான் தினமும் பிளாங்க்காக ஏறியிருக்கிறது. மூட்டை வந்து சேர்ந்ததும் மாவாக்கிச் சோதித்தார்கள். பதினொன்று புள்ளி நான்கு. சொட்டு ஒரு காலிக் குடுவையில் 'கிழக்கு மதகு, மூன்றாம் வயல்' என்று எழுதி ஏற்றினார். ஒன்பது புள்ளி எட்டு. ஆள் அனுப்பி அந்த வயல் தானியத்தைக் கொண்டுவந்து சோதித்தார். ஒன்பது புள்ளி எட்டு. குடுவைக்குப் பெயர்தான் வேண்டியிருந்தது; பொருள் வேண்டியிருக்கவில்லை. பெயரே எழுதாத குடுவை மட்டும் நல்ல பிள்ளையாக இளஞ்சிவப்பிலேயே நின்றது. அன்றிலிருந்து அதைத்தான் பிளாங்க்காக வைத்துக்கொண்டார்கள், கழித்தல் குறி நின்றது, இயக்குநருக்கும் நிம்மதி.

அடுத்த பத்து வருடங்களில் சொட்டு பெயரெழுதிச் சோதிக்காதது எதுவும் இல்லை. தபாலில் தொலைந்த மாதிரிகள், விதைக்காத வயல்கள், எலி தின்றுவிட்ட மூட்டைகள், ரயில் நிலைய உணவகத்து ரொட்டி எல்லாம் அவர் குடுவையில் வந்து கணக்குச் சொல்லிவிட்டுப் போயின. அவர் கையில் மட்டும்தான் அது நடந்தது. இரண்டு உதவியாளர்கள் முயற்சி செய்து, ஆளுக்கொரு குடுவை உடைத்ததுதான் மிச்சம். ஊர் ஜனங்களுக்கும் விஷயம் கசிந்தது. ஒருநாள் ஒரு தையற்கார அம்மாள் வந்து, கடல் தாண்டி வேலைக்குப் போன மகன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று பார்த்துச் சொல்லக் கேட்டாள். சொட்டு 'தையற்காரம்மா மகனின் மத்தியானச் சாப்பாடு' என்று எழுதி ஏற்றினார். மூன்று புள்ளி ஒன்று வந்தது. அந்த அம்மாள் எண்ணை ஒரு துணித்துண்டில் குறித்துக்கொண்டாள்.

"இதுல ஒரு ரெண்டு சேத்துவிட முடியுமா சார்?"

"அளக்கத்தாம்மா எனக்குத் தெரியும்."

"இவ்வளவு படிச்சும் அளக்கறது மட்டுந்தானா?" என்றாள் அவள். குத்திக்காட்டவில்லை, பரிதாபப்பட்டாள். அவள் போன பிறகு சொட்டு பியூரெட்டுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தேநீர் ஆறி, ஆடை படிந்து, அந்த ஆடையும் காய்ந்தது.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மனைவியின் அண்ணன் அதே நிலையத்தில், தோட்டத்துக்கு அந்தப் பக்கம், கோதுமை ஒட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். அவருக்குத் தூரிகை என்று பெயர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு மெல்லிய ஓவியத் தூரிகை இருக்கும். கதிரில் பூ விரிவதற்கு முன்பே இடுக்கியால் அதன் மகரந்தப் பைகளைப் பிடுங்கி எறிவார், காகிதக் கூடு போட்டு மூடுவார், இரண்டு நாள் கழித்து வேறொரு கதிரின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுத் தடவுவார். இப்படி இருபத்திரண்டு வருடம். அவர் வயலில் நடந்து போனால் கதிர்கள் கூச்சப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் என்று தோட்டக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவர் வேலையை ஒருவர் மட்டம் தட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒருவர் செடிக்குக் கல்யாணத் தரகர்; இன்னொருவர் கல்யாணச் சாப்பாட்டை வேகவைத்துப் பாழாக்குகிறவர். நடுவில் டீச்சர் இரண்டு பேருக்கும் பரிமாறுவார்.

தூரிகையின் எழுபத்தேழாம் எண் கோதுமை வந்தபோது மட்டம் தட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. கதிர் ஒரு சாண் நீளம். துரு நோய் அதைக் கண்டு விலகிப் போனது. மணி ஒவ்வொன்றும் மெருகேற்றின மாதிரி மின்னியது. சொட்டு தன் கையால் மாவாக்கி, எடை போட்டு, உண்மையான மாவோடுதான் சோதித்தார்: பதினைந்து புள்ளி இரண்டு. அந்த அறையில் அதுவரை யாரும் பார்க்காத எண். தூரிகைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜம்பமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் காலிக் குடுவை வித்தையும் ஒண்ணு காட்டுங்க மாப்பிள்ளை. என் கோதுமை பத்து வருஷம் கழிச்சும் எப்படி நிக்குதுன்னு நாலு பேர் பாக்கட்டும்" என்றார்.

சொட்டு பத்துக் குடுவையில் பத்து வருடம் எழுதினார். முதல் வருடம் பதினைந்து புள்ளி இரண்டு. தூரிகை தொடையைத் தட்டினார். இரண்டாம் வருடம் பதின்மூன்று. மூன்றாவது பத்து புள்ளி ஐந்து. நான்காவதில் தூரிகை நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். ஐந்தாவது ஐந்து, ஆறாவது ஒன்று புள்ளி எட்டு. ஏழாவது குடுவையிலிருந்து ஆவி வந்து இளஞ்சிவப்பு நீரில் குமிழி குமிழியாக விழுந்தது. நீர் இளஞ்சிவப்பாகவே இருந்தது. அரை மணி வடித்தார்கள். இளஞ்சிவப்பு. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் அப்படியே. சொட்டு அந்த ஏழாம் வருடத்தை அன்றே பதினொரு முறை திரும்ப ஏற்றினார். ஒரு முறை கூட நீர் நிறம் மாறவில்லை.

மறுநாள் கதிரடிக்கும் கொட்டகையில் மச்சானைத் தேடிப் போனார். தூரிகை ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மச்சான், ஒரு ஏழு வருஷம் பொறுங்க. தோட்டத்துக்குள்ளயே போட்டுப் பாப்போம். வெளிய விட வேணாம்."

"ஏழு வருஷத்துல நான் ரிட்டையர் ஆயிடுவேன் மாப்பிள்ளை."

"பழைய விதை எல்லாத்தையுமாவது பத்திரமா வையுங்க."

"இன்னைக்கு மாவு போட்டுப் பாத்தீங்களே, அதுல என்ன வந்துச்சு?"

"பதினஞ்சு ரெண்டு."

"அதச் சொல்லுங்க. காலிக் குடுவையத் தூக்கி வச்சுக்கிட்டு என் இருபத்திரண்டு வருஷத்தக் காலின்னு சொல்லாதீங்க. பொண்ணு கொடுத்த வீட்டுக்காரன் பொழப்புலயா கைய வப்பாங்க?"

சொட்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தார். அவருக்கு எண்ணைச் சொல்லத் தெரியும். எண்ணை நம்ப வைக்கத் தெரியாது. மனைவியிடம் போனார். டீச்சர் இரண்டு நாள் யோசித்தார். அண்ணன் இத்தனை வருடம் வெயிலில் கறுத்ததும் அவருக்குத் தெரியும், கணவரின் குடுவை ஒருமுறை கூடப் பொய் சொன்னதில்லை என்பதும் தெரியும். அண்ணனிடம் போய்ப் பேசினார்; அழுதுகொண்டு திரும்பினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது.

ரகத்தை வெளியிடும் குழு வெள்ளிக்கிழமை கூடியது. சொட்டு தன் முடிவுகளை எட்டுப் பிரதி எடுத்து எட்டு உறுப்பினர்களுக்கும் கொடுத்தார். எல்லோரும் பொறுமையாகப் படித்தார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. காலிக் குடுவையின் பெருமை அவர்களுக்கும் தெரியும். இரண்டு பேர் தங்கள் வீட்டு மாட்டுத் தீவனத்தைக் கூட அதில் பார்த்துக்கொண்டவர்கள். சிக்கல் படிவத்தில் இருந்தது. 'மாதிரியின் எடை' என்ற கட்டத்தில் சொட்டு, உள்ளதை உள்ளபடி, பூச்சியம் என்று எழுதியிருந்தார். முடிவை எடையால் வகுக்க வேண்டும் என்பது விதி. பூச்சியத்தால் வகுக்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். யாருக்கும் நினைவில்லை. பக்கத்து அறையிலிருந்து புள்ளியியல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கூடாது என்றார் அவர். அப்படியானால் ஏற்பதற்கில்லை என்று இயக்குநர் வருத்தத்தோடு சொல்லி, சொட்டின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டத்தில் ஒன்று என்று பொய்யாக எழுதியிருந்தால் எட்டுப் பேரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அது வீட்டுக்கு நடந்து போகும் வழியில், பாதித் தூரத்தில் அவருக்கு உறைத்தது. திரும்பிப் போய் எழுதியிருக்கலாம். நின்று யோசித்தார். கை வராது என்று தெரிந்ததும் மேலே நடந்தார்.

விதை கொடுக்கும் நாளில், வரிசையில் நின்ற விவசாயிகளிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் குடை பிடித்து அவருக்கு நிழல் கூடக் கொடுத்தார். "ஏழு வருஷம் கழிச்சு வர்ற பசிக்கு இப்பவே எதுக்கு சார் பட்டினி கெடக்கணும்?" என்று அவர் கேட்டார். வரிசை நகர்ந்தது. எழுபத்தேழுக்கு இடம் வேண்டும் என்று ஒட்டுப் பிரிவின் பழைய விதைகள் அனைத்தும், எழுபத்தேழின் அப்பா அம்மா உட்பட, கோழித் தீவனமாகப் போயின. அந்த வருடம் கோழிகள் இட்ட முட்டை உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது.

பிறகு நடந்தது அப்படியே குடுவை சொன்னபடி. இரண்டாம் வருடம் பதின்மூன்று, மூன்றாம் வருடம் பத்து புள்ளி ஐந்து. தானியத்தைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. மணி வருடா வருடம் பெருத்தது, மூட்டை கனத்தது, வெயிலில் வயலைப் பார்த்தால் கண் கூசும். பக்கத்து மாவட்டமும் அதற்குப் பக்கத்து மாவட்டமும் அதையே விதைத்தன. ஒவ்வொரு அறுவடைக்கும் சொட்டு உண்மையான மாவில் சோதித்து, உண்மையான எடையோடு, உண்மையான அறிக்கை அனுப்பினார். ஐந்தாம் வருடம் ஐந்து என்று வந்தபோது குழு அவசரமாகக் கூடி, அவர் சொன்னது சரிதான் என்று ஒருமனதாகப் பதிவு செய்து, நன்றி தெரிவித்துக் கலைந்தது. மாற்றி விதைக்க வேறு விதை எங்கும் ஒரு பிடி இல்லை.

ஏழாம் வருடம் புரதம் முற்றிலும் நின்றது. புரதமே இல்லாத மாவு உப்பாது என்பது சாஸ்திரம். ரொட்டி உப்பியது, அடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிற அளவுக்கு உப்பியது. ரொட்டிக்கடைக்காரர் பூரித்துப் போனார். ஆனால் தின்றவர்களுக்குப் பசி போகவில்லை. மூன்று வேளை ஆறு வேளையாயிற்று, ஆறு பதினொன்றாயிற்று. அலுவலகங்களில் வேலை நேரம் என்று ஒன்றை ஒதுக்க வேண்டியதாயிற்று. மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டு நேரம். நீதிபதி மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். குற்றவாளி மென்றுகொண்டே கேட்டுக்கொண்டான். முதலில் மூடியது முடி திருத்துகிறவர் கடை. யாருக்கும் முடி வளரவில்லை, நகம் வளரவில்லை. போன வருடம் மொட்டை போட்டவர்கள் மொட்டையாகவே திரிந்தார்கள். தின்ற தானியத்தின் குணம் கோழிக்கும் ஆட்டுக்கும் வந்து, முட்டைக்குள் காற்றும் ஆட்டுப்பாலில் தண்ணீரும்தான் மிஞ்சின. தூரத்துத் துறைமுகங்களிலிருந்து கருவாடும் பருப்பும் ரயிலில் வந்தன. அவை உயிரைப் பிடித்து வைக்கப் போதுமாக இருந்தன. வளரப் போதவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் டீச்சர்தான். பிள்ளைகளின் சட்டை நாலு வருடமாகப் பத்துகிறது, தைக்கிற வேலை மிச்சம் என்று ஊரில் பெற்றவர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார். "ஆறாங்கிளாஸ்ல முதல் பெஞ்சுல உக்காந்தவன் பத்தாங்கிளாஸ்லயும் முதல் பெஞ்சுலயே உக்காந்திருக்கான். கால் தரையத் தொடல. நான் போர்டுல எழுதிட்டுத் திரும்பிப் பாக்கறேன், மொத்தக் கிளாஸுக்கும் காலு ஆடுது." சொட்டு அவர் கையிலிருந்த பையை வாங்கி வைத்தார். "நீங்கதான் எல்லாத்தையும் அளக்கறீங்களே. கொஞ்சூண்டு போடத் தெரியாதா உங்களுக்கு?" என்றார் டீச்சர். பிறகு அவரே, "தெரியாதுன்னு தெரியும். சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

சொட்டு முயற்சி செய்யாமல் இல்லை. குடுவையில் 'முதல் பெஞ்சுப் பையன்களின் ரொட்டி, பதினைந்து சதவீதம்' என்று எழுதிப் பார்த்தார். 'தயவு செய்து' என்று கூடச் சேர்த்து எழுதிப் பார்த்தார். குடுவைக்குக் கெஞ்சல் புரியவில்லை. உள்ளதைச் சொல்ல மட்டும்தான் அதற்கும் தெரியும். இருவரும் ஒரே ஜாதி. இருபத்தொரு வருடம் உலகத்தில் யாருக்கும் கிடைக்காத வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தீயை வேடிக்கை பார்க்கிறவனைப் போல நின்றுகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

தூரிகை பேச்சை விட்டுப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை பகலில் அந்த அறைக்குள் வந்தார். ரிட்டையர் ஆகியிருந்தார். தலைமுடி உதிர்ந்தது உதிர்ந்தபடி இருந்தது. கையில் ஒரு கட்டு காகிதக் கூடு. குடுவையக்கா ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டு, "வாங்க. நீங்க விளைவிச்சதத் தின்னுதான் என் வளையல் எல்லாம் கழண்டு விழுது" என்று வரவேற்றார். தூரிகை தலையைக் குனிந்துகொண்டார். சொட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு விஷயம் வந்தது. ரயில் தண்டவாளத்து மேட்டில் முளைக்கும் ஒரு களைப்புல் கோதுமைக்குத் தூரத்துச் சொந்தம். மணி எறும்புத் தலை அளவு. ஆடு கூட முகர்ந்துவிட்டு விட்டுவிடும். தூரிகை நாலு வருடமாக அதை எழுபத்தேழோடு ஒட்டுப் போட்டிருக்கிறார். நாற்பது ஒட்டு. எல்லாம் மலடாகவோ மலடு மாதிரியோதான் இருக்கின்றன. எதைத் தொடர்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் தொடர அவருக்கு ஆயுள் இல்லை.

"காலிக் குடுவைல பாக்கணும் மாப்பிள்ளை" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரமாயிற்று என்பதை அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியதை வைத்துச் சொல்லலாம்.

சொட்டு பென்சிலைக் கூராக்கினார். அன்றிலிருந்து ஏழு வாரம், தினமும் பகல் முழுக்க, நிலையத்தில் வேறு வேலை நடக்கவில்லை. முதல் ஒட்டு, ஐந்தாம் வருடம். இளஞ்சிவப்பு. பத்தாம் வருடம், இருபதாம் வருடம், முப்பதாம் வருடம். இளஞ்சிவப்பு. இரண்டாம் ஒட்டு, மூன்றாம் ஒட்டு. குடுவையக்கா கழுவக் கழுவ இவர்கள் பெயர் எழுதினார்கள். ஆறு பென்சில் கரைந்தது. வடிகிற குழாயின் முனையையே இரண்டு பேரும் முக்காலியில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த அறைச் சுவர், தரை, இயக்குநரின் சட்டை எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிய ஆரம்பித்தன. நடுநடுவே தூரிகை, "நீங்க அன்னைக்குக் கொட்டகைக்கு வந்தப்ப..." என்று ஆரம்பிப்பார். "அடுத்த குடுவைய எடுங்க மச்சான்" என்று சொட்டு முடித்துவிடுவார்.

முப்பத்தெட்டாவது ஒட்டின் நாற்பத்தொன்றாம் வருடம் அடுப்பில் ஏறியது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். எழுதும்போதே அது நடக்காத காரியம் என்பது போலத்தான் எழுதினார்கள். ஆவி வந்தது. குமிழி விழுந்தது. இளஞ்சிவப்பு கொஞ்சம் மங்கிச் சாம்பல் பூத்தது. பிறகு, இலை பழுப்பதைத் திருப்பி ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படி, அடியிலிருந்து மெல்லப் பச்சையாயிற்று. குழந்தையின் மணிக்கட்டு நரம்பில் தெரிகிற அளவுக்குத்தான் பச்சை. மூன்று பேரும் பார்த்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை, மூச்சில் கலைந்துவிடுமோ என்று.

"அப்ப எனக்கு நூத்தி நாலு வயசு" என்றார் தூரிகை, விரல் விட்டு எண்ணிவிட்டு.

"எனக்குத் தொண்ணூத்தி எட்டு."

"எவ்வளவு இருக்கும் மாப்பிள்ளை?"

"விட்டுப் பாத்தாத்தான் தெரியும்." சொட்டு குடுவையைப் பியூரெட்டுக்குக் கீழே வைத்தார், இடது கை திருகைப் பிடித்தது. முப்பது வருடத்துக்குமேல் அந்தக் கை வேறெதையும் இவ்வளவு பிரியமாகப் பிடித்ததில்லை.

"விட்டா என்ன ஆகும்?"

"மறுபடி சிவக்கும். சிவக்கற எடந்தான் கணக்கு."

"அப்ப விடாதீங்க."

"விடாம எப்படி எழுதறது மச்சான்? எண் வேணாமா?"

"விடாதீங்க" என்றார் தூரிகை மறுபடியும். அவர் கண்ணை அந்தக் குடுவையிலிருந்து எடுக்கவே இல்லை. குடுவையக்கா, கை ஈரம் சொட்டச் சொட்ட, பியூரெட்டுக்கும் குடுவைக்கும் நடுவே தன் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார்.

ஒரே சொட்டில் தீர்ந்துவிடும் பச்சை அது என்பது சொட்டுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒரு சொட்டு விட்டால், 'ஒரு சொட்டு' என்று எழுதலாம். எழுதிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. திருகின் முனையில் துளி ஒன்று திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒரு தாளின் ஓரத்தால் தொட்டு எடுத்தார். திருகை இறுக்கி மூடினார்.

தூரிகை மறுநாள் காலை மற்ற முப்பத்தொன்பது ஒட்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு, முப்பத்தெட்டாவதின் ஏழு விதைகளை ஊன்றினார். தான் போன பிறகு யார் அதைத் தொடர வேண்டும் என்று ஒரு தாளில் வருடத்துக்கு ஒரு வரியாக நாற்பத்தொரு வரி எழுதினார். ஆள் பெயர் வரவேண்டிய இடங்களைக் காலியாக விட்டிருந்தார். சொட்டு அறிக்கை தயாரித்தார். மாதிரியின் எடை: பூச்சியம். அளவு: பச்சை. இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.